ஹீலர் வேலைக்கு ஏன் ஆள் கிடைப்பதில்லை?

வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட் என்ற இணைய விளையாட்டில் சாதாரண டன்ஜன், அதாவது அரக்கர்களை அடித்து முன்னேறும் களம், ஐந்து பேருக்கானது. ஒருவர் டேங்க், அரக்கன் அடிக்கிற அடியையெல்லாம் தன்மேல் வாங்கிக்கொள்பவர். ஒருவர் ஹீலர், அடிபட்டவர்களுக்கு உயிர் ஏற்றுபவர். மீதி மூன்று பேர் டேமேஜ், அரக்கனை அடிப்பவர்கள். 2004இல் இந்த விளையாட்டு வெளிவந்த நாளிலிருந்து இந்த ஐவரைத் திரட்டுவதே தனிப் பாடாக இருந்தது. நகரத்தின் நடுவில் நின்றுகொண்டு, "ஹீலர் மட்டும்தான் பாக்கி, யாராவது வாங்க" என்று சாட்டில் கூவிக்கொண்டே இருப்பார்கள். 2009 டிசம்பரில் வந்த 3.3 பேட்ச், அதாவது விளையாட்டின் புதுப்பிப்பு, அந்தக் கூவலை நிறுத்தியது. டன்ஜன் ஃபைண்டர் என்று ஒரு வசதி. எந்த வேலைக்கு வருகிறீர்கள் என்று குறித்துவிட்டு வரிசையில் நின்றால் போதும், வேறு வேறு சர்வர்களிலிருந்து ஆள் பிடித்து விளையாட்டே குழுவைக் கட்டிக் கொடுத்துவிடும்.

வரிசை என்று ஒன்று வந்ததும், அதுவரை முணுமுணுப்பாக இருந்த விஷயம் கடிகாரத்தில் தெரிய ஆரம்பித்தது. டேங்க் என்று குறித்தால் உடனே அழைப்பு வரும். ஹீலருக்குச் சில நிமிடம். டேமேஜ் என்று குறித்தவர் சில வேளை அரை மணி நேரத்துக்கும் மேல் காத்துக் கிடக்க வேண்டும். கணக்கு எளிது. ஐந்து பேரில் ஒருவர் டேங்க்காகவும் ஒருவர் ஹீலராகவும் வரச் சம்மதித்தால் வரிசை சீராக நகரும். அந்த இருவர்தான் போதவில்லை. காத்திருக்கும் நேரத்தை ஒரு விலை என்று வைத்துக்கொண்டால், முன்பின் தெரியாதவர்களுக்குத் துணைவேலை பார்க்க வைப்பதற்கு என்ன விலை என்பதை அந்தக் கடிகாரம் தினமும் சொல்லிக்கொண்டிருந்தது.

இதற்கு வழக்கமாகச் சொல்லப்படும் காரணம், 'எல்லோருக்கும் கில் எடுக்கத்தான், அதாவது எதிரியைக் கொல்லத்தான், ஆசை' என்பது. முழுப் பொய் என்று சொல்ல மாட்டேன், ஆனால் அரைகுறைப் பதில். உயிர் கொடுக்கும் வேலையை விரும்பியே செய்கிறவர்கள் எல்லா விளையாட்டிலும் இருக்கிறார்கள். நண்பர்கள் ஐந்து பேர் சேர்ந்து ஆடும்போது ஹீலர் இடத்துக்கு இவ்வளவு பஞ்சம் வருவதில்லை. அதே ஆள், அதே கதாபாத்திரத்தோடு, தெரியாதவர்களின் வரிசையில் தனியாக நிற்கச் சொன்னால் தயங்குகிறார். ஆக, வேலையில் மட்டும் சிக்கல் இல்லை. அந்த வேலையும் தெரியாத ஆட்களும் ஒன்றாகச் சேரும்போது ஏதோ ஆகிறது.

முதலில் வேலையைப் பார்ப்போம். டேங்க், ஹீலர், டேமேஜ் என்ற மூவகைப் பிரிவை ஊரறியச் செய்ததில் 1999இல் வந்த எவர்குவெஸ்டுக்குப் பெரிய பங்கு உண்டு. அதில் உயிர் ஏற்றுபவர் கிளெரிக். மந்திரத்துக்குச் செலவாகும் சக்தியான மானா தீர்ந்துபோனால், அதை மீட்க அவர் தரையில் உட்கார்ந்து மந்திரப் புத்தகத்தைத் திறந்து வைத்திருக்க வேண்டும். அந்தக் காலத்தில் குறைந்த லெவல்களில் அந்தப் புத்தகம் திரையையே மூடிவிடும். அதாவது மற்றவர்கள் காட்டையும் கோட்டையையும் பார்த்துக்கொண்டிருக்க, கிளெரிக் புத்தகத்தை மட்டும் பார்த்துக்கொண்டிருப்பார். பல பேர் திரண்டு பெரிய அரக்கனைத் தாக்கும் ரெய்டுகளில் கதை இன்னும் மோசம். கம்ப்ளீட் ஹீல் என்ற மந்திரத்தை ஓதி முடிக்க 10 விநாடி ஆகும். எனவே கிளெரிக்குகள் வரிசை எண் போட்டுக்கொண்டு, ஒருவர் தொடங்கிச் சில விநாடி கழித்து அடுத்தவர் என்று சங்கிலியாக ஓதுவார்கள். ஒரே மந்திரம், ஒரே டேங்க், மணிக்கணக்கில்.

பின்னால் வந்த விளையாட்டுகள் இந்தக் கொடுமையைக் குறைத்தன. ஆனால் பார்வை விஷயம் மாறவில்லை. வார்கிராஃப்ட் ரெய்டில் மற்றவர்கள் டிராகனைப் பார்க்கிறார்கள். ஹீலர் பார்ப்பது திரையின் ஓரத்தில் கட்டம் கட்டமாக இருக்கும் பச்சைப் பட்டைகளை. எது குறைகிறதோ அதைத் தட்ட வேண்டும். அதே நேரத்தில் காலடியில் தீ எரிகிறதா என்றும் பார்த்து நகர வேண்டும். அடிப்பவர் தன் திட்டப்படி அடுத்தடுத்த பொத்தானை அழுத்துகிறார். ஹீலருக்கு அந்தச் சொகுசு குறைவு. அவருடைய அடுத்த விநாடி பெரும்பாலும் இன்னொருவர் செய்த காரியத்தைப் பொறுத்தது.

இதில்தான் உண்மையான பாரம் இருக்கிறது என்று நினைக்கிறேன். பொறுப்பு ஒருவரிடம், கட்டுப்பாடு இன்னொருவரிடம். டேங்க் ஹீலரின் மானா பட்டையைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் அடுத்த கூட்டத்தை இழுத்துவிட்டு வருகிறார். மானா காலி. எல்லோரும் சாகிறார்கள். சாட்டில் முதலில் வரும் கேள்வி, "ஹீலர் தூங்கறாரா?" ஓவர்வாட்ச் என்ற குழுவாகச் சுடும் விளையாட்டில் கெஞ்சி என்ற கதாபாத்திரத்தை எடுத்தவர் தனியாக எதிரிகளுக்குப் பின்னால் தாவிப் போய்விடுவார். நடுவில் ஒரு சுவர். உயிர் ஏற்றும் கதிர் சுவரைத் துளைத்துப் போகாது. சுவரைச் சுற்றி ஓடினால் ஹீலரும் சேர்ந்து சாக வேண்டியதுதான். ஓடாமல் நின்றால், "ஹீல் வரவே இல்ல" என்று புகார். எதைச் செய்தாலும் கணக்கு அவர் பேரில்தான் எழுதப்படும்.

வெற்றி அப்படி எழுதப்படுவதில்லை என்பது இன்னொரு பக்கம். கிரிக்கெட்டில் விக்கெட் கீப்பர் நாள் முழுக்கக் குனிந்து நிமிர்ந்து பிடித்த பந்துகளை யாரும் எண்ணுவதில்லை, தவறவிட்ட ஒரு கேட்ச் மட்டும் மறுநாள் பேப்பரில் வரும். துணைவேலையும் அதே வகை. சாகாமல் இருந்தவன் தான் ஏன் சாகவில்லை என்று யோசிப்பதில்லை. தன் திறமை என்றுதான் நினைத்துக்கொள்வான். எண்களைப் போட்டுக் காட்டினால் சரியாகிவிடும் என்று விளையாட்டு நிறுவனங்கள் நம்பின. 2016இல் வந்த முதல் ஓவர்வாட்சில் அதிக டேமேஜ், அதிக ஹீலிங் என்று ஒவ்வொன்றுக்கும் பதக்கம் உண்டு. அவரவர் பதக்கம் அவரவருக்கு மட்டுமே தெரியும். 2022இல் வந்த இரண்டாம் பாகத்தில் எல்லோருடைய எண்களும் எல்லோருக்கும் தெரியும் பலகையே வைத்தார்கள். விளைவு, ஹீலிங் எண்ணை வைத்து ஹீலரைத் திட்டும் வழக்கம். லூசியோ என்ற ஹீலர் சரியான நேரத்தில் குழுவை வேகமாக ஓட வைத்ததும், ஆனா என்ற இன்னொரு ஹீலர் எய்த மயக்க ஊசி எதிரியின் பெரிய தாக்குதலைக் கெடுத்ததும் அந்த ஹீலிங் எண்ணில் ஏறாது. ஒருவரைச் சாகாமல் தடுக்கச் சிறந்த வழி சில வேளை எதிரியைக் கொல்வதுதான். அதைச் செய்த ஹீலரின் எண் குறைவாகத்தான் இருக்கும்.

எண்ணைத் தவறான இடத்தில் வைத்தால் என்ன ஆகும் என்பதற்கு ஓவர்வாட்சின் ஹீலர் மெர்சியே நல்ல பாடம். ஆரம்பத்தில் அவளுடைய பெரிய சக்தி, அருகில் செத்துக் கிடக்கும் தோழர்கள் எல்லோரையும் ஒரே நேரத்தில் எழுப்புவது. கேட்க அற்புதமாக இருக்கிறது. நடைமுறையில் அது ஹீலரை ஒளிந்துகொள்ளப் பழக்கியது. சண்டை முற்றும்போது மூலையில் பதுங்கி, நான்கைந்து பேர் செத்து விழும் வரை காத்திருந்து, பறந்து வந்து எழுப்பினால் ஆட்டமே புரளும். ஒருவரை உயிரோடு வைத்திருப்பதைவிடச் சாகவிட்டு எழுப்புவது லாபம் என்ற நிலை. 2017 செப்டம்பரில் விளையாட்டை உருவாக்கிய பிளிசார்ட் நிறுவனம் அதை மாற்றியது. எழுப்புதல் ஒருவருக்கு மட்டுமான சாதாரண சக்தியாயிற்று. மெர்சியை எடுத்தவர்கள் கொஞ்ச காலம் கோபப்பட்டார்கள். அதிலும் நியாயம் உண்டு. ஹீலர் ஒருவர் எல்லோர் கண்ணிலும் நாயகியாகத் தெரிந்த அபூர்வமான தருணம் அது ஒன்றுதான்.

சரி, இப்போது தெரியாத ஆட்கள் விஷயத்துக்கு வருவோம். டன்ஜன் ஃபைண்டருக்கு முன்னால் வார்கிராஃப்டில் ஒவ்வொரு சர்வரும் ஒரு கிராமம் மாதிரிதான் இருந்தது. நல்ல ஹீலரின் பெயர் பலருக்குத் தெரியும். அவரைத் திட்டி அனுப்பினால் நாளைக்கு யாரும் உங்கள் குழுவுக்கு வர மாட்டார்கள். ஹீலருக்கும் அங்கே ஒரு மூலதனம் இருந்தது: இன்று பொறுமையாகக் காப்பாற்றினால், நாளை தேடி வந்து அழைப்பார்கள். 2009க்குப் பிறகு குழு என்பது வேறு வேறு சர்வர்களிலிருந்து இருபது நிமிடத்துக்குத் திரட்டப்பட்ட கூட்டம். வேலை முடிந்ததும் ஒரு வார்த்தை சொல்லாமல் கலைந்துவிடும். மறுபடி பார்க்கப் போவதில்லை என்று எல்லோருக்கும் தெரியும். திட்டுவதற்குச் செலவில்லை, நன்றி சொல்வதால் வரவும் இல்லை. துணைவேலையின் கூலி பெரும்பாலும் நற்பெயராகத்தான் கிடைத்துவந்தது. அந்த நாணயம் செல்லாமல் போனது இங்கேதான்.

இதை நான் ஊகமாகச் சொல்கிறேன் என்று தோன்றினால் டோட்டா 2 விளையாட்டைப் பாருங்கள். அங்கே ஐந்து பேருக்கும் ஒன்று முதல் ஐந்து வரை எண் உண்டு. எண் 1 கேரி, கடைசியில் ஆட்டத்தை வென்று தர வேண்டியவர். காசும் வளர்ச்சியும் அவருக்கே முதலில். எண் 5 ஹார்ட் சப்போர்ட், அதாவது முழுநேரத் துணைவேலைக்காரர், குழுவிலேயே ஏழை. ஏழையாக இருப்பது தற்செயல் இல்லை, வடிவமைப்பே அப்படி. வரைபடத்தில் கிடைக்கும் தங்கத்துக்கு எல்லை உண்டு, அதைத் தொடாமல் கேரிக்கு விட்டுக்கொடுப்பதுதான் ஐந்தாம் எண்ணின் வேலை. போதாக்குறைக்கு எதிரியின் நடமாட்டம் தெரியப் புதரோரங்களில் நடும் வார்டுகளையும் தன் சொற்பக் காசில் வாங்கிவந்தார். சாமான் சுமந்து வரும் கழுதை, அதாவது கூரியர், அதைக்கூடப் பல வருடம் யாராவது ஒருவர் காசு கொடுத்துத்தான் வாங்க வேண்டியிருந்தது. அந்த யாராவது பெரும்பாலும் சப்போர்ட்தான். 2019 நவம்பரில் வந்த 7.23 பேட்ச்தான் ஆளுக்கொரு கூரியரை இலவசமாகக் கொடுத்தது. எதிரியின் நடமாட்டத்தைக் காட்டும் அந்த வார்டுகளும் பின்னாளில் இலவசமாயின.

தெரியாதவர்களோடு ஆடும் டோட்டாவில் இந்த ஐந்தாம் எண்தான் வசவு வாங்கும் இடம். "வார்டு எங்க?" என்பது ஒரு கேள்வியாக ஆரம்பித்து வசையாக முடியும். ஆனால் இதே எண் தொழில்முறைக் குழுக்களில் எங்கே இருக்கிறது? டென்மார்க்கின் யோஹான் சுண்ட்ஸ்டைன், நோடெயில் என்ற பெயரில் ஆடியவர், ஓஜி குழுவின் தலைவர், ஆடியது ஐந்தாம் எண். அவர் தலைமையில் அந்தக் குழு 2018இல் வான்கூவரிலும் 2019இல் ஷாங்காயிலும் டோட்டாவின் உலகப் போட்டியான தி இன்டர்நேஷனல் பட்டத்தை அடுத்தடுத்து வென்றது. அடுத்தடுத்து வென்ற முதல் குழு அதுதான். பல ஆண்டுகள் இ-ஸ்போர்ட்ஸ் உலகிலேயே அதிகப் பரிசுப்பணம் ஈட்டிய ஆட்டக்காரராக நோடெயில் இருந்தார். அதற்கு முந்தைய 2017 பட்டத்தை வென்ற டீம் லிக்விட் குழுவின் தலைவர் குரோகியும் சப்போர்ட்தான். இதில் விந்தை ஒன்றும் இல்லை. தன் கதாபாத்திரத்தின் காசைப் பற்றிக் கவலைப்படாதவருக்குத்தான் முழு வரைபடத்தையும் பார்க்க நேரம் இருக்கும். அவர் சொன்னால் மற்ற நால்வர் கேட்பார்கள். வேலை, ஏழ்மை, வார்டு எல்லாம் அதேதான். சொன்னால் கேட்கும் நால்வர் இருக்கிறார்களா என்பதில்தான் தலைவருக்கும் பலியாட்டுக்கும் உள்ள வேறுபாடு.

லீக் ஆஃப் லெஜண்ட்ஸும் ஏழ்மைப் பிரச்சினையைத் தொட்டது. ஆரம்ப வருடங்களில் அங்கே சப்போர்ட் என்றால் ஆட்டம் முழுக்க வார்டு வாங்கியே காலியாகும் பை. 2012 இறுதியில் சைட்ஸ்டோன் என்ற பொருள் வந்தது; ஒரு முறை வாங்கினால் திரும்பத் திரும்ப வார்டு கிடைக்கும். 2013 நவம்பரில் ஒருவர் நட்டு வைக்கும் வார்டுகளுக்கு உச்சவரம்பு வைத்து, எல்லோர் கையிலும் இலவச வார்டு ஒன்றைக் கொடுத்தார்கள். என் கணிப்பில் இந்தத் துறையில் செய்யப்பட்ட உருப்படியான காரியங்களில் இது ஒன்று. ஒருவர் தலையில் இருந்த பொதுச்செலவை ஐவருக்கும் பிரித்துப்போட்டது. உச்சவரம்பு வந்ததும் சப்போர்ட் எவ்வளவு காசு போட்டாலும் மற்றவர்கள் பங்கையும் அவரே நட முடியாது. அவரவர் பங்கை அவரவர்தான் பார்க்க வேண்டும்.

ஓவர்வாட்ச் தேர்ந்தெடுத்த பாதை வேறு. 2016இல் ஆறு பேர் கொண்ட குழுவில் யார் எந்தக் கதாபாத்திரத்தை வேண்டுமானாலும் எடுக்கலாம். தேர்வுத் திரையில் நடந்த மௌன நாடகத்தை அப்போது ஆடியவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். நான்கு பேர் டேமேஜை எடுத்துவிடுவார்கள். ஒரு ஹீலராவது வேண்டும் என்று எல்லோருக்கும் தெரியும். பூனைக்கு யார் மணி கட்டுவது? விநாடிகள் கரையும். கடைசியில் தோற்கப் பொறுக்காத ஒருவர் பெருமூச்சோடு மெர்சியை எடுப்பார். சமூகவியலாளர் ஆந்திரேயாஸ் டீக்மன் 1985இல் தன்னார்வலர் சிக்கல் என்று பெயரிட்டு ஆராய்ந்தது இதைத்தான். ஒருவர் செலவு செய்தால் எல்லோருக்கும் லாபம், யாரும் செய்யாவிட்டால் எல்லோருக்கும் நஷ்டம் என்ற நிலையில், ஆள் கூடக் கூட ஒவ்வொருவரும் அடுத்தவர் செய்வார் என்று ஒதுங்கும் வாய்ப்பும் கூடுகிறது. இதில் மறைந்திருக்கும் அநியாயம், செலவு எப்போதும் அதிகம் அக்கறை உள்ளவர் தலையில்தான் விழும் என்பது. விட்டுக்கொடுப்பவர் அடுத்த ஆட்டத்திலும் விட்டுக்கொடுப்பார். அடம்பிடித்தவருக்கு அடம் பலிக்கிறது என்று தெரிந்துவிடும்.

2019இல் பிளிசார்ட் ரோல் க்யூவைக் கொண்டுவந்தது. இரண்டு டேங்க், இரண்டு டேமேஜ், இரண்டு சப்போர்ட் என்று பூட்டு. வரிசையில் நிற்கும்போதே வேலையைச் சொல்லிவிட வேண்டும். வேடிக்கை என்னவென்றால், இந்தப் பூட்டுக்கு இன்னொரு காரணம் தொழில்முறை ஆட்டங்களில் இருந்த நேரெதிர்ப் பிரச்சினை. அங்கே மூன்று டேங்க், மூன்று சப்போர்ட் சேர்ந்த கோட்ஸ் என்ற அமைப்பு கோலோச்சியது. டேமேஜ் கதாபாத்திரங்களுக்கு வேலையே இல்லை. தெருவில் ஹீலர் பஞ்சம், அரங்கில் ஹீலர் வெள்ளம். பூட்டு தேர்வுத் திரையின் மௌன நாடகத்தை நிறுத்தியது. பஞ்சத்தை நிறுத்தவில்லை. அது அங்கிருந்து எழுந்து வரிசைக்குப் போய் உட்கார்ந்துகொண்டது. டேமேஜ்காரர்கள் காத்திருக்க ஆரம்பித்தார்கள். என்றாலும் ஒரு நன்மை உண்டு. இப்போது ஹீலர் இடத்தில் இருப்பவர் கெஞ்சலுக்கோ பெருமூச்சுக்கோ இணங்கி வந்தவர் இல்லை, கேட்டு வந்தவர். 2024 டிசம்பரில் வெளியான மார்வெல் ரைவல்ஸ் இந்தப் பூட்டு இல்லாமலே கடை திறந்தது. அங்கே துணைவேலைக்கு ஸ்ட்ராட்டஜிஸ்ட் என்று கம்பீரமான பெயர். தேர்வுத் திரையில் மட்டும் அதே பழைய பெருமூச்சு.

பூட்டு போட மனமில்லாதவர்கள் கைக்கூலி கொடுத்துப் பார்த்தார்கள். 2011 ஏப்ரலில் வார்கிராஃப்ட் 4.1 பேட்ச்சோடு கால் டு ஆர்ம்ஸ் என்ற ஏற்பாடு வந்தது. எந்த வேலைக்கு ஆள் குறைவோ, அதற்குத் தனியாக வரிசையில் வந்தவருக்கு ஒரு பை. அதில் தங்கம், அதிர்ஷ்டம் இருந்தால் அரிய குதிரை. ஃபைனல் ஃபேன்டஸி 14இலும் ஆள் தேவைப்படும் வேலைக்குக் கூடுதல் வெகுமதி உண்டு. வால்வ் நிறுவனம் டீம் ஃபோர்ட்ரஸ் 2இல் 2008 ஏப்ரலில் முதன்முதலாகப் புது ஆயுதங்களைத் திறக்கும் வசதியைக் கொண்டுவந்தபோது அதை அங்கே ஹீலரான மெடிக்குக்குத்தான் கொடுத்தது. அடுத்த சில நாட்கள் சர்வர் முழுக்க மெடிக்குகள். மெடிக்குக்கு மெடிக் உயிர் ஏற்றிக்கொண்டு, சுட ஆளில்லாமல் நின்ற காட்சி அது. கைக்கூலியின் குணமே இதுதான். ஆளை வர வைக்கும். ஆனால் வந்தவர் பைக்காக வந்தவர். வேலை தெரியாத ஹீலர் கிடைத்த குழு, ஹீலரே இல்லாத குழுவைவிட அதிகமாகத் திட்டும். அந்தத் திட்டைக் கேட்பவர்களில் நல்ல ஹீலர்களும் இருப்பார்கள்.

மூன்றாவது வழி ஒன்று இருக்கிறது, மேலோட்டமாகப் பார்த்தால் கருணையானது: ஹீலரை நம்பி இருக்கும் நிலையையே குறைத்துவிடுவது. 2024 பிப்ரவரியில் ஓவர்வாட்ச் 2இன் ஒன்பதாம் சீசன், அதுவரை சப்போர்ட்டுகளுக்கு மட்டும் பொதுவாக இருந்த தானாக உயிர் ஏறும் தன்மையை எல்லோருக்கும் கொடுத்தது. கூடவே டேமேஜ்காரர்கள் அடித்த எதிரிக்கு ஹீலிங் குறைவாக ஏறும் என்றும் வைத்தது. ஃபைனல் ஃபேன்டஸி 14இல் டேங்க்குகள் தங்களைத் தாங்களே காப்பாற்றிக்கொள்ளும் திறன் வருடா வருடம் ஏறிக்கொண்டே போனது. பாரம் குறைந்தால் ஹீலர்கள் மகிழ வேண்டும் அல்லவா? 2024 ஜூனில், டான்ட்ரெயில் விரிவாக்கம் வருவதற்குக் கொஞ்சம் முன்னால், அங்கே ஹீலர்கள் வேலைநிறுத்தம் என்று கிளம்பினார்கள். கோரிக்கை வேலையைக் குறைக்கச் சொல்லி இல்லை. எங்களுக்கு வேலையே இல்லையே என்பதுதான். டேங்க் தானே பிழைத்துக்கொள்கிறார், நாங்கள் ஒரே தாக்குதல் பொத்தானைத் திரும்பத் திரும்ப அழுத்திக்கொண்டிருக்கிறோம் என்றார்கள். உண்மையில் எத்தனை பேர் விளையாடாமல் இருந்தார்கள் என்பது முக்கியமில்லை, அடையாளப் போராட்டம்தான். ஆனால் இந்தப் பாரத்தைப் பற்றி யோசிக்கிறவர்கள் தவறவிடக் கூடாத செய்தி அது. உயிர் காக்கும் வேலை கஷ்டமாக இருக்கலாம், அதில் அவர்களுக்குப் புகார் இல்லை. தேவைப்படாமல் போவது அதைவிட மோசம்.

வசவு பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அது எல்லோர் மேலும் ஒரே அளவில் விழுவதில்லை. குரல் அரட்டையில் ஒரு பெண் குரல் கேட்டதும், "நீங்க ஹீல் பண்ணுங்க" என்று சொல்லிவிடும் வழக்கம் பல விளையாட்டுகளில் உண்டு. அவர் மெர்சி எடுத்தால், யாரோ ஒருவன் தயவில் ரேங்க் ஏறியவள் என்ற ஏளனம். எடுக்காவிட்டால் ஏன் எடுக்கவில்லை என்ற கேள்வி. லீக் ஆஃப் லெஜண்ட்ஸ் பற்றி 2015இல் வெளியான ஓர் ஆய்வு, ஆண் துணையோடு சேர்ந்து ஆடும் பெண்கள் அவருக்குச் சப்போர்ட்டாக ஆடும் போக்கைச் சுட்டியது. பெண்களுக்குத் தங்கள் திறமை மேல் நம்பிக்கை குறைவாக இருப்பதையும் சொன்னது. இதனால் பலர் மைக்கை அணைத்துவிட்டு ஆடுகிறார்கள். ஆனால் தகவல் சொல்லியே ஆக வேண்டிய வேலை சப்போர்ட்டுடையது. பின்னால் நிற்பதால் எல்லாவற்றையும் பார்ப்பவர் அவர்தான். மைக்கை அணைத்தால் வேலை பாதி, திறந்தால் வசவு முழுசு.

பேசாமலே பேசிக்கொள்ளும் வழியை 2019 பிப்ரவரியில் வந்த ஏபெக்ஸ் லெஜண்ட்ஸ் அழகாகக் காட்டியது. பிங் பொத்தான் ஒன்றை அழுத்தினால் எதிரி இங்கே, பொருள் இங்கே, அங்கே போகலாம் என்று கதாபாத்திரமே சொல்லிவிடும். நீங்கள் காட்டிய பொருளை எடுத்தவர் ஒரு பொத்தானில் நன்றியும் சொல்லலாம். சின்ன விஷயம்தான். ஆனால் டீம் ஃபோர்ட்ரஸ் 2இன் விசைப்பலகையோடு ஒப்பிட்டுப் பாருங்கள். அங்கே "மெடிக்!" என்று அலறுவதற்குத் தனி விசையே உண்டு, ஒரு தட்டு போதும். "நன்றி" சொல்ல மெனுவைத் திறந்து எண்ணைத் தட்ட வேண்டும், இரண்டு தட்டு. குண்டு பறக்கும் நேரத்தில் அந்த ஒரு தட்டு வித்தியாசம் பெரிது. அலறல் காது கிழியக் கேட்கும், நன்றி அபூர்வமாகத்தான் வரும்.

இதை முற்றிலும் வேறு கோணத்தில் அணுகியது டீப் ராக் கேலக்டிக். டென்மார்க்கின் கோஸ்ட் ஷிப் கேம்ஸ் உருவாக்கி, 2020 மே மாதம் முழுமையாக வெளியிட்ட விளையாட்டு. நான்கு குள்ளர்கள் குகைக்குள் சுரங்கம் தோண்டப் போகிறார்கள். ஹீலர் என்று தனி ஆள் கிடையாது. ஸ்கௌட் ஒளிக்குண்டு சுட்டுக் குகைக்கு வெளிச்சம் தருகிறார். கூரையில் இருக்கும் தாது அவர் கண்ணில் படும், ஆனால் நின்று வெட்ட இடமில்லை. எஞ்சினியர் அதன் கீழே மேடை சுட்டுக் கொடுக்கிறார். கன்னர் பள்ளத்தின் குறுக்கே கம்பி கட்டுகிறார். டிரில்லர் வழி குடைகிறார். விழுந்தவரை யாரும் எழுப்பலாம். நைட்ரா என்ற தாது 80 சேர்ந்தால் யாரும் தோட்டாப் பெட்டியை வரவழைக்கலாம்; அதில் நான்கு அடுக்கு, ஆளுக்கு ஒன்று என்று சொல்லாமலே விளங்கும். ஒரு விசையைத் தட்டினால் "ராக் அண்ட் ஸ்டோன்!" என்று கோடரியைத் தூக்கி முழங்குவார்கள், ஒருவர் தட்டினால் மற்றவர்களும் தட்டுவார்கள். தெரியாதவர்களோடு ஆட நல்ல இடம் என்று இந்த விளையாட்டுக்கு இருக்கும் பெயர், அதை ஆடுகிறவர்கள் எல்லோரும் தங்கக் கம்பிகள் என்பதால் வந்தது என்று நான் நம்பவில்லை. பழி போட அங்கே ஒரு நிரந்தர நாற்காலி இல்லை, அவ்வளவுதான்.

நாற்காலி இல்லாவிட்டாலும் வேலை ஒருவர் தலையில் வந்து விழலாம் என்பதையும் சொல்லிவிடுகிறேன். நம் ஊரில் இந்த அனுபவம் அதிகம் பேருக்குக் கிடைப்பது மொபைலில்தான். 2020 செப்டம்பரில் பப்ஜி மொபைல் தடைசெய்யப்பட்டு, 2021 ஜூலையில் பிஜிஎம்ஐ என்ற பெயரில் வந்தது. நான்கு பேர் ஸ்க்வாட், ஹீலர் என்று யாரும் இல்லை. ஆனால் ரேண்டம்ஸோடு, அதாவது முன்பின் தெரியாதவர்களோடு, இறங்கினால், ஆயுதம் பொறுக்கும் லூட் முடிந்ததும் தனியாக எதிரியை நோக்கி ரஷ் போகிறவர் ஒருவர் கண்டிப்பாக இருப்பார். அடிபட்டு விழுந்து நாக் ஆனதும், "ப்ரோ ரிவைவ், ப்ரோ ரிவைவ்!" என்ற அலறல். திறந்த வெளியில் ஸ்மோக், அதாவது புகைக்குண்டு, போட்டு, பத்து விநாடி அசையாமல் குனிந்து அவரை எழுப்ப வேண்டும். எழுந்ததும் மறுபடி ரஷ். எழுப்பப் போனவர் செத்தால் அதற்கு மன்னிப்பு கேட்டவரை நான் பார்த்ததில்லை. கடைசியில் கில் எண்ணிக்கை திரையில் மின்னும்போது ஸ்மோக் போட்டவர் பெயருக்கு நேரே ஒன்றோ பூஜ்யமோ இருக்கும்.

இதற்கெல்லாம் ஹீலர்கள் தாங்களே கண்டுபிடித்த வழி ஒன்று உண்டு, நிறுவனங்கள் செய்த எதையும்விட நன்றாக வேலை செய்கிறது. தனியாக வரிசையில் நிற்பதில்லை. ஓர் ஆட்டத்தில் தன் மானாவைப் பார்த்து நின்று நிதானமாக இழுத்த டேங்க் கிடைத்தால், முடிந்ததும் நட்பு அழைப்பு அனுப்பிவிடுவார்கள். அப்புறம் இருவரும் ஜோடியாகத்தான் வருவார்கள். அந்த ஹீலருக்கு அது முழு நிவாரணம். வரிசைக்கோ நஷ்டம். பொறுமையும் திறமையும் உள்ள ஹீலர்களுக்குத்தான் ஜோடி சீக்கிரம் கிடைக்கிறது, அவர்கள்தான் முதலில் வெளியேறுகிறார்கள். தனி வரிசையில் மிஞ்சுவது புதிதாக வந்தவர்களும், பைக்காக வந்தவர்களும், இன்னும் ஜோடி கிடைக்காதவர்களும். அவர்களோடு ஆடிய டேமேஜ்காரர் ஹீலர்கள் எல்லோருமே மோசம் என்று முடிவு கட்டிக்கொண்டு, அடுத்து வரும் ஹீலரிடம் முதல் நிமிடத்திலேயே எரிந்து விழுகிறார்.